வி பள்ளத்தில் உருண்ட குண்டு: 5/7 அல்ல, 5/9

சாய்தளத்தில் இரும்புக் குண்டை உருட்டி ஈர்ப்பு முடுக்கத்தை (g) கண்டறியும் சோதனை இந்த வாரம் கைகூடியது. பாதை இரண்டு மீட்டர் நீள அலுமினிய எல் ஆங்கிள். அதன் இரு கரங்களும் மேல்நோக்கி விரிந்து 90 பாகை பள்ளமாக நிற்கும்படி பொருத்தி, ஒரு முனையை 10 செ.மீ. உயர்த்தியிருக்கிறேன். குண்டு 25 மி.மீ. விட்டமுள்ளது. பேரிங் கடைகளில் இத்தகைய குண்டுகள் உதிரியாகவே கிடைக்கின்றன. கோலிக்குண்டைவிட இவற்றின் உருண்டை வடிவம் பலமடங்கு துல்லியமானது.

தொடக்கத்திலிருந்து 20, 80, 180 செ.மீ. தொலைவுகளில் கோடிட்டு, நொடிக்கு 240 சட்டகங்கள் பதியும் கைப்பேசிக் காணொளியில் பார்த்தால், குண்டின் முன்விளிம்பு ஒரு கோட்டிலிருந்து அடுத்த கோட்டுக்குச் செல்லும் நேரம் இரு இடைவெளிகளிலும் ஏறத்தாழ 1.21 நொடியாக இருக்கிறது. குண்டை விடுவித்த கணத்தை இதில் அளக்கவே தேவையில்லை என்பது பெரிய வசதி. இந்தச் சாய்வில் முதல் பத்தில் ஒரு நொடியில் குண்டு ஒன்றரை மில்லிமீட்டர்கூட நகர்வதில்லை என்பதால், புறப்பட்ட சட்டகத்தைக் கண்ணால் பிரித்தறிவது இயலாத காரியம்.

இந்த நேரத்திலிருந்து கிடைக்கும் முடுக்கம் 0.27 மீ/வி². உராய்வின்றி வழுக்கும் பொருளின் முடுக்கத்தில் 5/7 பங்கே உருளும் குண்டுக்குக் கிடைக்கும் என்று பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் காரணியைக் கொண்டு இதிலிருந்து g-ஐக் கணக்கிட்டால் 7.6 அளவில்தான் விடை நிற்கும். பழியை உராய்வின்மேல் போட்டுவிட்டு நகர்வது எளிது. ஆனால் உண்மையான காரணம் பள்ளத்தின் வடிவத்தில் இருக்கிறது. சமதளத்தில் குண்டு தன் அடிப்புள்ளியில் தொட்டு உருள்கிறது. வி பள்ளத்திலோ இரு பக்கங்களிலும் தொடுவதால், சுழலும் அச்சுக்கும் தொடுபுள்ளிகளுக்கும் இடையிலான தொலைவு ஆரத்தை √2-ஆல் வகுத்த அளவுக்குக் குறைந்துவிடுகிறது. ஆகவே அதே தூரத்தைக் கடக்கக் குண்டு 1.41 மடங்கு அதிகமாகச் சுழல வேண்டியிருக்கிறது; மொத்த இயக்க ஆற்றலில் சுழற்சிக்குச் செல்லும் பங்கு 2/7-இலிருந்து 4/9 ஆக உயர, முன்னோக்கிய இயக்கத்துக்கு 5/9 மட்டுமே மிஞ்சுகிறது. இந்த 5/9-ஐப் பயன்படுத்தினால் g 9.8-ஐ ஒட்டி வருகிறது. உருளும் குண்டைப் பற்றிய எந்த விளக்கத்திலும் இந்தத் தொடுபுள்ளிக் கணக்கு முதலிலேயே இடம்பெற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

1638-இல் வெளியான தம் நூலில் கலிலியோ விவரிக்கும் பாதையும் ஒரு பள்ளம்தான். மரப்பலகையில் குடைந்து, வழவழப்பான தோல்தாள் ஒட்டி, வெண்கலக் குண்டை உருட்டி, வழிந்த நீரை எடைபோட்டு அவர் நேரத்தை அளந்தார். தூரம் நேரத்தின் வர்க்கத்துக்கு நேர்விகிதத்தில் இருக்கும் என்பதை மட்டுமே அவர் தேடியதால் பள்ளத்தின் அகலம் அவருக்குத் தடையாகவில்லை. எந்தப் பள்ளமானாலும், சுழற்சியின் பங்கு வழி நெடுகிலும் மாறாதிருக்கும் வரை, அடுத்தடுத்த சம நேரங்களில் கடக்கும் தூரங்களின் 1:3:5 என்ற வரிசை மாறுவதில்லை. g-இன் மதிப்பைக் கேட்கும்போதுதான் பள்ளம் தன் பங்கைக் கேட்கிறது.

உயரத்தை அளப்பதில் மிகுந்த கவனம் வேண்டும். ஒரு மில்லிமீட்டர் பிழையே விடையை ஒரு விழுக்காடு மாற்றிவிடும். குறுகிய ரசமட்டம் இதற்குப் போதாது. கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாய் இரண்டு மீட்டர் நீளத்துக்கு மிகப் பொருத்தமான கருவி. ஆங்கிள் நடுவில் தொய்வதால் இடையிடையே தாங்கிகளும் தேவை.

அடுத்ததாக, 15 மி.மீ. வாயகலமுள்ள ப வடிவச் சேனலில் இதே குண்டை உருட்ட இருக்கிறேன். அதற்கான காரணி 8/13. இடைவெளி நேரம் 1.15 நொடியாகக் குறைய வேண்டும். ஏறத்தாழ 14 சட்டகங்கள் வித்தியாசம் என்பதால் காணொளியில் தெளிவாகவே தெரியும். உள்ளீடற்ற மேசைப்பந்துக்கு வி பள்ளத்தில் 3/7 வரவேண்டும். ஆனால் அவ்வளவு இலேசான பந்தைக் காற்றின் தடையும் பாதிக்கும் என்பதால் அதைப் பின்னர் பார்க்கலாம். முதலில் உயரத்தை 5 செ.மீ.க்கும் 15 செ.மீ.க்கும் மாற்றி, 5/9 அங்கேயும் நிலைக்கிறதா என்று உறுதிசெய்யும் வேலை பாக்கியிருக்கிறது.