பேராயரையும் கட்டுப்படுத்தும் விதிப் புத்தகம்

எங்கள் தென்னிந்தியத் திருச்சபைச் சேகரத்தில், அதாவது ஒரு குருவானவரின் பொறுப்பிலுள்ள சபையில், தேர்தல் வந்தால் வாக்காளர் பட்டியலைச் சரிபார்க்கும் வேலை என் தலையில்தான் விழும். திடப்படுத்தல் (ஞானஸ்நானத்தை உறுதிசெய்யும் சடங்கு) பெற்றவரா, சங்கக் காணிக்கை பாக்கியில்லாமல் கட்டியிருக்கிறாரா என்று பார்ப்பேன். பாக்கிக்காரர் பெயரை எடுத்துவிட்டால், "கோயிலுக்கு எதுக்குய்யா சட்டம்? வேதம் போதாதா?" என்று சண்டைக்கு வருவார்கள். அப்படிக் கேட்பவர் பெரும்பாலும் ஏதாவது ஓர் அணியில் நிற்பவராக இருப்பார், அது வேறு கதை.

அவர்களுக்கு நான் 1863 தீர்ப்பைச் சொல்வேன். தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் ஆங்கிலிக்கன் (இங்கிலாந்துத் திருச்சபை வழிவந்த) பேராயர் ராபர்ட் கிரே ஒரு சினாடை, அதாவது சபைப் பிரதிநிதிகளின் மன்றத்தை, கூட்டினார். அதற்குப் பிரதிநிதியைத் தேர்ந்தெடுக்கும் கூட்டத்தை என் சபையில் அறிவிக்க மாட்டேன் என்றார் குருவானவர் வில்லியம் லாங். பேராயர் முதலில் அவரை இடைநீக்கம் செய்தார், அப்புறம் பதவியையே பறித்தார். வழக்கு லண்டனில் பிரிவி கவுன்சில் வரை, அதாவது அன்றைய பிரிட்டிஷ் காலனிகளின் உச்ச மேல்முறையீட்டு மன்றம் வரை போய், லாங் ஜெயித்தார். அந்த நாட்டில் ஆங்கிலிக்கன் சபை அரசு மதம் இல்லை, மற்ற சபைகளைப் போல மனமொத்துச் சேர்ந்தவர்களின் அமைப்புதான் என்றது தீர்ப்பு. ஒருவர் ஏற்றுக்கொண்ட விதிதான் அவரைக் கட்டுப்படுத்தும். லாங் அந்த சினாடை ஏற்கவே இல்லையே! மகாராணி கொடுத்த நியமனப் பத்திரமும் பேராயருக்குக் கைகொடுக்கவில்லை.

நம் கதையும் இதற்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. 1947 செப்டம்பர் 27-ல் சென்னையில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, ஆங்கிலிக்கன்களோடு மெதடிஸ்டுகளும் தென்னிந்திய ஐக்கிய சபையாரும் சேர்ந்தார்கள். ஐக்கிய சபையார் பேராயர் என்ற பதவியே இல்லாமல் பழகியவர்கள். அவர்கள் ஒப்புக்கொண்டது அமைப்பு விதிக்குள் நிற்கும் பேராயரை. பேராயரின் எல்லையான திருமண்டலத்தில் பெருமன்றம், செயற்குழு, குருவானவர் அல்லாத லே செயலர் என்று இத்தனை கடிவாளம் இருப்பது அதனால்தான்.

2022-ல் பேராயர்களின் ஓய்வு வயதை 67-லிருந்து 70 ஆக்க சினாடில் திருத்தம் கொண்டுவந்தார்கள். அது நீதிமன்றத்துக்குப் போனது. அங்கே யாரும் வேத வசனத்தை விரிக்கவில்லை. திருமண்டலப் பெருமன்றங்களின் ஒப்புதல் விதிப்படி கிடைத்ததா என்பதுதான் பேச்சு.

பள்ளி, கல்லூரி, நிலம், வேலை நியமனம் எல்லாம் பதவியோடு ஒட்டிக்கொண்டு வருவதால் இந்த வழக்குகள் குறையப் போவதில்லை. நீதிமன்றம் நியமித்த ஓய்வுபெற்ற நீதிபதி வந்து திருமண்டலத்தை நிர்வகிக்கும் நிலைமை வெட்கக்கேடுதான். ஆனாலும் யாரும் கேள்வி கேட்க முடியாத பேராயரோடு ஒப்பிட்டால், நான் நீதிபதிக்கே ஓட்டுப் போடுவேன்.