கேஎஸ்எச்வி: உறங்கும் வைரஸையும் விழித்த வைரஸையும் தனித்தனியாக அளப்பது

கபோசி சார்கோமா என்ற புற்றுக்கட்டியை உண்டாக்கும் ஹெர்ப்பஸ் வைரஸ், சுருக்கமாக கேஎஸ்எச்வி, ஒரே ஃபிளாஸ்க்கில் உள்ள செல்களுக்குள் இரண்டு விதமாக வாழும். பெரும்பாலான செல்களில் உறக்கநிலையில் கிடக்கும்; அப்போது ஒரு சில ஜீன்களும் மைக்ரோஆர்என்ஏக்களும் மட்டுமே வேலை செய்யும். நூற்றில் ஒன்றிரண்டு செல்களில் விழித்துக்கொண்டு, தன்னிடம் உள்ள ஜீன்கள் எல்லாவற்றையும் வரிசையாக ஓட்டி, புது வைரஸ்களைக் கட்டி, செல்லையும் கொன்றுவிட்டு வெளியேறும். விழித்த நிலையை ஆய்வகப் பேச்சில் லிட்டிக் என்கிறோம். எங்களோடு புதிதாக வேலைக்குச் சேர்பவர்களுக்கு முதலில் சொல்வது இதுதான்: எந்த மாதிரியை எடுத்தாலும் இந்த இரண்டு நிலைகளையும் தனித்தனியாக அளந்துவிடுங்கள். ஃபிளாஸ்க்கை மொத்தமாக அரைத்து ஒரே எண்ணாகச் சொன்னால், அந்த எண் எதைக் குறிக்கிறது என்று யாராலும் சொல்ல முடியாது.

இந்த வேலைக்கு நாங்கள் நம்புவது பிரைமரி எஃப்யூஷன் லிம்ஃபோமா செல்களைத்தான். யுவான் சாங்கும் பாட்ரிக் மூரும் 1994-இல் கபோசி கட்டியிலிருந்து இந்த வைரஸைக் கண்டுபிடித்தார்கள். ஆனால் அதே கட்டியின் கதிர்வடிவ செல்களை வெளியே எடுத்து வளர்த்தால், சில பாசேஜுக்குள், அதாவது சில முறை பிரித்துப் புது ஃபிளாஸ்க்குக்கு மாற்றுவதற்குள், வைரஸ் டிஎன்ஏ தொலைந்துவிடும். நெஞ்சறையிலும் வயிற்றறையிலும் தேங்கும் நீரில் மிதந்து வளரும் எஃப்யூஷன் லிம்ஃபோமா செல்கள் அப்படியில்லை. வைரஸை இழந்தால் அவையே செத்துப்போகும். உறக்கநிலைப் புரதமான வி-ஃபிளிப், என்எஃப்-கப்பா-பி பாதையை ஓயாமல் இயக்கி அவற்றை உயிரோடு வைத்திருக்கிறது. அந்தப் பாதையைத் தடுத்தால் செல்கள் அப்போப்டோசிஸ் என்ற தன்னழிவில் போய்விடும்.

இந்த லிம்ஃபோமாவிலிருந்து வந்த செல் லைன்களில் பிசிபிஎல்-1, பிசி-3 இரண்டிலும் கேஎஸ்எச்வி மட்டுமே உண்டு. பிசி-1, ஜேஎஸ்சி-1 இரண்டிலும் எப்ஸ்டீன்-பார் வைரஸும் சேர்ந்திருக்கும். இந்த வேறுபாட்டை ஏட்டளவில் விட்டுவிடாமல், செல் கையில் வந்த உடனே எப்ஸ்டீன்-பார் பிசிஆர் ஒன்று போட்டுப் பார்த்துவிட வேண்டும். இரண்டு வைரஸும் இல்லாத பிஜேஏபி செல்கள் எதிர்மறைக் கட்டுப்பாடாக எல்லா சோதனையிலும் கூடவே வர வேண்டும். செல் எது என்று டிஎன்ஏவை வைத்து அடையாளம் காட்டும் எஸ்டிஆர் பரிசோதனையும் அவசியம். கபோசி கட்டியிலிருந்து வந்த எண்டோதீலியல் (இரத்தக்குழாய் உட்சுவர்) செல் என்று உலகமே நெடுங்காலம் நம்பிய எஸ்எல்கே செல் லைன், உண்மையில் கேகி-1 என்ற சிறுநீரகப் புற்றுநோய் செல் என்பது 2013-இல்தான் தெரியவந்தது. வைரஸ் உற்பத்திக்கு அது இன்றும் நல்ல செல்தான். எண்டோதீலிய உயிரியலுக்கு மட்டும் அதைச் சாட்சிக்கு அழைக்கக் கூடாது.

வளர்ப்பு எளிது, ஆனால் அடர்த்தியில் கறாராக இருக்க வேண்டும். ஆர்பிஎம்ஐ-1640 மீடியம், பிசிபிஎல்-1-க்கு 10 சதவீத சீரம், பிசி-3-க்கு 20 சதவீதம். உறைநிலையிலிருந்து எடுத்ததும் ஒரு முறை மெதுவாகச் சுழற்றி, உறையவைக்கச் சேர்த்த டிஎம்எஸ்ஓவை நீக்கி, மி.லி.க்கு 5 லட்சம் செல் என்ற அடர்த்தியில் ஃபிளாஸ்க்கை நிமிர்த்தி வைத்துவிடுங்கள். முதல் சில நாட்கள் பிரிக்க வேண்டாம். பிறகு 2 லட்சத்துக்கும் 10 லட்சத்துக்கும் இடையில் வைத்திருந்தால் போதும். 1 லட்சத்துக்குக் கீழே இறக்கினால் பல நேரம் மீளாது. இந்த செல்கள் தாங்களே சுரக்கும் ஐஎல்-6, ஐஎல்-10, வைரஸின் சொந்த வி-ஐஎல்-6 ஆகியவற்றைக் குடித்தே வளர்கின்றன. ஒரேயடியாக நீர்த்துவிட்டால் அந்தச் சுரப்பும் நீர்த்துப்போகும். அடர்த்தி கூடினால் வேறு ஆபத்து. மீடியம் மஞ்சளாகி, அடியில் ஆக்சிஜன் குறைந்து, தானாக விழிக்கும் செல்களின் பங்கு ஏறிவிடும். ஆக்சிஜன் குறைவு இந்த வைரஸை எழுப்பும் என்பது நன்கு நிறுவப்பட்ட விஷயம். சோதனைக்கு முந்தைய நாள் செல்களை 3 லட்சத்துக்குக் கொண்டுவந்து, மறுநாள் தொடங்குவது எங்கள் வழக்கம். மைக்கோபிளாஸ்மா பரிசோதனை மாதம் ஒரு முறை.

இனி உறக்கநிலையை அளப்பது. இதற்கு நாங்கள் நம்பும் சாட்சி லானா என்ற உறக்கநிலைப் புரதம். வைரஸ் மரபணு நம் குரோமோசோமில் சேராமல் தனி வளையமாக உட்கருவில் கிடக்கிறது. லானா புரதத்தின் ஒரு முனை அந்த வளையத்தின் டெர்மினல் ரிப்பீட் பகுதியைப் பிடிக்கும். மறுமுனை எச்2ஏ, எச்2பி ஹிஸ்டோன்கள் வழியாகக் குரோமோசோமைப் பிடிக்கும். செல் பிரியும்போது வளையங்கள் குரோமோசோமோடு தொற்றிக்கொண்டு மகள் செல்களுக்குப் போவது இப்படித்தான். அதனால் மைக்ரோஸ்கோப்பில் லானா உட்கரு முழுக்கப் பரவித் தெரியாது, கூர்மையான புள்ளிகளாகத் தெரியும். வைரஸ் டிஎன்ஏ இல்லாத செல்லில் லானாவை மட்டும் உற்பத்தி செய்யவைத்தால் அது உட்கரு முழுக்கப் பரவிக் கிடக்கும். ஆகவே நிறம் ஏறியதா என்று மட்டும் பார்த்தால் போதாது, புள்ளி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

நாங்கள் செய்யும் முறை: செல்களை பிபிஎஸ்ஸில் ஒரு முறை கழுவி, 1 லட்சம் செல்லை 200 மைக்ரோலிட்டரில் எடுத்து சைட்டோஸ்பின்னில் 500 ஆர்பிஎம், 5 நிமிடம். செல்கள் முழுக்கக் காய்வதற்குள் 4 சதவீத பாராஃபார்மால்டிஹைடில் 15 நிமிடம் வைத்துவிட வேண்டும்; காயவிட்டால் உட்கரு தட்டையாகிப் புள்ளிகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். பழைய பாராஃபார்மால்டிஹைடு பச்சைச் சானலில் தானாக ஒளிரும் என்பதால் அன்றன்றைக்குக் கலக்குவதோ உறையவைத்த சிறு பங்குகளை எடுப்பதோ நல்லது. மூன்று முறை கழுவி, 0.5 சதவீத டிரைட்டன் எக்ஸ்-100, 10 நிமிடம். 5 சதவீத ஆட்டு சீரத்தில் ஒரு மணி நேரம் பிளாக் செய்து, எல்என்53 என்ற எலி ஆன்டிபாடியை 1:500 முதல் 1:1000 வரை நீர்த்து, 4 டிகிரியில் இரவு முழுக்க விடவும். மறுநாள் ரேட் ஐஜிஜியைப் பிடிக்கும் சிவப்பு செகண்டரி ஆன்டிபாடி ஒரு மணி நேரம், உட்கருவுக்கு டாபி சாயம், மவுண்டிங்.

இதில் அதிகம் கெடும் இடம் செகண்டரிதான். எல்என்53 பெரிய எலி வகையான ரேட்டில் உருவானது. லிட்டிக் குறியீடுகளான ஓஆர்எஃப்59, கே8.1 இரண்டுக்கும் புழங்கும் ஆன்டிபாடிகள் சுண்டெலியில் உருவானவை. இவ்விரு விலங்குகளின் ஐஜிஜியும் நெருங்கிய உறவு. சாதாரண செகண்டரி ஒன்றை விட்டு மற்றொன்றையும் பிடிக்கும். அப்படிப் பிடித்தால், லானா புள்ளியுள்ள செல்லெல்லாம் லிட்டிக் போலவும் காட்டும். மற்ற விலங்கின் ஐஜிஜியைப் பிடிப்பவற்றை நீக்கிய, கிராஸ்-அட்ஸார்ப்ட் என்று குறிப்பிட்ட செகண்டரிகளை மட்டும் வாங்குங்கள். கூடவே ஒரு ஸ்லைடில் எல்என்53 போட்டு, சுண்டெலி ஐஜிஜிக்கான செகண்டரியை மட்டும் விட்டுப் பாருங்கள். அந்த ஸ்லைடு இருட்டாக இருந்தால்தான் மற்ற ஸ்லைடுகளைப் படிக்கலாம்.

எண்ணும்போது ஒரே தளத்தில் ஃபோகஸ் செய்து முடிவு சொல்லக் கூடாது. இந்த செல்களின் உட்கரு தடித்தது, 0.3 மைக்ரோமீட்டர் இடைவெளியில் மேலிருந்து கீழ்வரை படம் எடுத்து, ஒன்றாக்கி எண்ண வேண்டும். பிரிந்துகொண்டிருக்கும் ஒரு செல்லையாவது தேடிப் பாருங்கள். அடர்ந்த குரோமோசோம்கள் மேல் இரண்டிரண்டாக ஒளிப்புள்ளிகள் ஒட்டிக்கொண்டிருப்பதைப் பார்த்தால், கற்பிப்பவர் பத்துப் பக்கம் எழுதியும் புரியாதது ஒரே நொடியில் புரியும். எங்களுக்கு இன்றும் அலுக்காத காட்சி அது.

வெஸ்டர்ன் பிளாட்டில் லானாவைத் தேடுபவர்கள் பேண்டே இல்லை என்று வருவார்கள். அமினோ அமிலங்களைக் கணக்கிட்டு 130 கிலோடால்டன் அருகில் பார்ப்பதுதான் காரணம். நடுவில் நீண்டு கிடக்கும் அமிலத்தன்மை மிகுந்த ரிப்பீட் பகுதியால் அது 220 முதல் 230 கிலோடால்டன் இடத்தில்தான் ஓடும். 6 சதவீத ஜெல், மெத்தனால் குறைத்த பஃபர், குளிர் அறையில் இரவு முழுக்க ஈர டிரான்ஸ்ஃபர். ரிப்பீட் நீளம் வைரஸுக்கு வைரஸ் மாறுவதால் ஒரு செல் லைனின் பேண்டு மற்றதை விடச் சற்று மேலோ கீழோ நிற்கும், அது பிழையில்லை.

லிட்டிக் பக்கத்தை அளக்க முதலில் வைரஸை எழுப்பத் தெரிய வேண்டும். பொத்தான் ஒன்றே ஒன்று: ஓஆர்எஃப்50 ஜீன் தரும் ஆர்டிஏ புரதம். டிபிஏ என்ற ரசாயனம் மி.லி.க்கு 20 நானோகிராம், அல்லது குறைந்த மில்லிமோலார் அளவில் சோடியம் பியூட்டிரேட், இரண்டுமே அந்த ஜீனைத் திறக்கும். ஆனால் செல்கள் எல்லாம் எழும் என்று எதிர்பார்க்காதீர்கள். பெரும்பாலானவை உறக்கத்திலேயே இருந்துவிடும். பியூட்டிரேட்டைக் கூட்டினால் வைரஸுக்கு முன்னால் செல் செத்துவிடும். டாக்ஸிசைக்ளின் கொடுத்தால் ஆர்டிஏ உற்பத்தியாகும்படி அமைத்த டிரெக்ஸ்-பிசிபிஎல்1-ஆர்டிஏ செல்களில் மி.லி.க்கு 1 மைக்ரோகிராமில் வைரஸ் சீராக எழுகிறது. அதற்கு டெட்ராசைக்ளின் கலப்பில்லாத சீரம் தேவை. சாதாரண சீரத்தில் உள்ள தடயமே பொத்தானை மெல்ல அழுத்திக்கொண்டிருக்கும். முன்கட்டப் புரதமான ஓஆர்எஃப்59-ஐ 24 மணி நேரத்திலும், பின்கட்டப் புரதமான கே8.1-ஐ 48 மணி நேரத்திலும் பார்க்கலாம்.

ஆர்என்ஏ அளப்பவர்களுக்கு இரண்டு பள்ளங்கள். ஒன்று, இந்த வைரஸின் ஜீன்களில் பெரும்பாலானவற்றில் இன்ட்ரான் (ஆர்என்ஏவில் வெட்டி நீக்கப்படும் இடைத்துண்டு) கிடையாது. பிசிஆரில் ஆர்என்ஏவிலிருந்து வந்ததும் டிஎன்ஏவிலிருந்து வந்ததும் ஒரே நீளத்தில்தான் வரும். ஒரு செல்லுக்குள் பல பத்து வைரஸ் வளையங்கள் இருக்கும்போது கலப்பு சிறிதானாலும் சிக்னல் பெரிது. டிஎன்ஏவைச் சிதைக்கும் டிஎன்ஏஸ் போட்டே ஆக வேண்டும், ரிவர்ஸ் டிரான்ஸ்கிரிப்டேஸ் சேர்க்காத குழாய் ஒன்று ஒவ்வொரு மாதிரிக்கும் கூடவே ஓட வேண்டும். இரண்டாவது இன்னும் வஞ்சகமானது. பேன் என்ற லிட்டிக் ஆர்என்ஏ, விழித்த செல்லில் பாலி-ஏ ஆர்என்ஏவில் 80 சதவீதம் வரை எட்டும். நூற்றில் இரண்டு செல் விழித்தாலே மொத்தக் குழாயும் பேனால் நிரம்பியது போலத் தெரியும். ஒரு மருந்து செல் வளர்ச்சியை மட்டும் மந்தமாக்கினால், அந்த ஃபிளாஸ்க்கில் மீடியம் புதிதாகவே இருக்கும், தானாக விழிப்பவை குறையும். அருகில் மருந்தில்லாத ஃபிளாஸ்க் நெரிசலில் மஞ்சளாகி நான்கு சதவீதம் விழித்திருக்கும். பேனை மட்டும் அளந்தவர் மருந்து வைரஸைப் பாதியாக்கியது என்று எழுதிவிடுவார். ஸ்லைடில் கே8.1 செல்களை எண்ணி, அடர்த்தியையும் குறித்து வைத்திருந்தால் இந்தக் குழப்பமே வராது.

வைரஸ் டிஎன்ஏவை எண்ணும்போது டெர்மினல் ரிப்பீட்டைக் குறிவைக்காதீர்கள். 801 பேஸ் நீளமுள்ள அந்தத் துண்டு ஒவ்வொரு மரபணுவிலும் பல பிரதிகளாக அடுக்கப்பட்டிருக்கிறது, எண்ணிக்கையும் நிலையானதில்லை. ஜிசி மிகுந்ததால் பிசிஆரும் தடுமாறும். சாங் குழு கண்டெடுத்த முதல் துண்டுகளில் ஒன்று இருக்கும் ஓஆர்எஃப்26 போதும்.

கான்சிக்ளோவிர், ஃபோஸ்கார்னெட், சிடோஃபோவிர் போன்றவை வைரஸின் டிஎன்ஏ பாலிமரேஸைத் தடுப்பவை. ஆகையால் அவற்றைச் சோதிக்கும்போது ஓஆர்எஃப்59 குறையாது. வைரஸ் டிஎன்ஏ பிரதியெடுக்கப்படும் முன்பே அது வந்துவிடும். கே8.1 குறையும். லானா புள்ளிகளில் மாற்றமே இருக்காது, ஏனெனில் உறக்கநிலை வளையத்தைப் பிரதியெடுப்பது நம் செல்லின் இயந்திரம். எய்ட்ஸோடு, சிஎம்வி என்ற வேறொரு ஹெர்ப்பஸ் வைரஸால் வரும் விழித்திரை அழற்சியும் இருந்தவர்களிடம் நடந்த ஆய்வு ஒன்று 1999-இல் வெளியானது. வாய்வழி கான்சிக்ளோவிர் கபோசி கட்டி வரும் ஆபத்தை 75 சதவீதமும், ஊசிவழி 93 சதவீதமும் குறைத்தது. ஏற்கெனவே வளர்ந்த கட்டியை அதே மருந்தால் கரைப்பது வேறு கதை, அங்கே பெரும்பாலான செல்கள் உறக்கத்தில் இருக்கின்றன. 2004-இல் கிரண்ட்ஹாஃப், கானெம் இருவரும் காட்டியது இதோடு பொருந்துகிறது: புதிதாகத் தொற்றிய செல்களில் பெரும்பாலானவை பிரியப்பிரிய வைரஸை இழக்கின்றன. கட்டி நிலைக்க, விழித்த சில செல்கள் மீண்டும் மீண்டும் புதியவற்றைத் தொற்றிக்கொண்டே இருக்க வேண்டும் என்பது அவர்கள் வாதம். எங்களுக்கும் அது ஏற்புடையதே.

திசுவுக்கு வருவோம். 4 மைக்ரோமீட்டர் பாரஃபின் துண்டு, பிஎச் 9 ஈடிடிஏ பஃபரில் 95 டிகிரிக்கு மேல் 20 நிமிடம், பிறகு லானாவைப் பிடிக்கும் எல்என்53 அல்லது 13பி10 ஆன்டிபாடி. இங்கே கண்ணை ஏமாற்றுவது பழுப்பு நிறம். கபோசி கட்டியில் கசிந்த சிவப்பணுக்கள் சிதைந்து ஹீமோசிடரின் என்ற இரும்புப் படிவு சேர்ந்திருக்கும். ஆன்டிபாடியைக் காட்டும் டிஏபி சாயம் தரும் பழுப்பும் அதுவும் அடுத்தடுத்து நின்றால் குழம்பும். ஹீமோசிடரின் சைட்டோபிளாசத்தில் பொன்னிறக் குருணையாக மின்னும். லானா உட்கருவுக்குள் நுண்புள்ளியாக நிற்கும். சந்தேகம் வந்தால் சிவப்பு குரோமோஜனில் மறுபடி போடுங்கள், அல்லது அடுத்த துண்டுக்கு இரும்பைக் காட்டும் பெர்ல்ஸ் சாயம் ஏற்றிப் பாருங்கள். ஆரம்பகட்டத் தடிப்பில் நேர்மறை செல்கள் ஆங்காங்கே சிலதான் இருக்கும் என்பதால், முதல் துண்டு வெறுமையாக வந்தால் ஆழத்தில் இன்னும் சில துண்டுகள் வெட்டிப் பார்க்காமல் ‘லானா இல்லை’ என்று எழுதக் கூடாது. கபோசி கட்டி போலத் தோன்றக்கூடிய ஆஞ்சியோசார்கோமா, பயோஜெனிக் கிரானுலோமா இரண்டிலும் லானா வராது.

நிணநீர்க் கணுக்கள் வீங்கும் கேஸில்மன் நோயில், இந்த வைரஸோடு வரும் வகையில், பார்க்க வேண்டிய இடம் நிணநீர்க் கணுவின் மேண்டில் பகுதி. ஐஜிஎம் லாம்ப்டா கொண்ட பிளாஸ்மாபிளாஸ்டுகள் சிதறலாக லானா காட்டும், அவற்றில் வி-ஐஎல்-6-உம் கிடைக்கும். எஃப்யூஷன் லிம்ஃபோமாவில் சிடி20-ஐத் தேடினால் பொதுவாகக் கிடைக்காது, சிடி19-உம் அப்படித்தான். சிடி138, சிடி30 இரண்டையும் பாருங்கள். நெஞ்சு அல்லது வயிற்று நீர் மாதிரி வந்தால் உடனே சுழற்றி செல் பிளாக் செய்துவிட வேண்டும். நேரம் போகப்போக செல்கள் சிதைந்து லானா புள்ளிகள் மங்கிவிடும். மங்கிய ஸ்லைடை எதிர்மறை என்று கணக்கில் எடுக்காமல், புது நீர் கேட்டு அனுப்புவதுதான் எங்கள் வழக்கம்.