சாவிக்கு முன்னே வந்த தவணை

அம்மாவை மாதம் ஒருமுறை திருகோணமலை உவர்மலையிலிருந்து கண்டிக்குக் கிளினிக் கொண்டுபோக வேண்டும். முழங்கால் வருத்தத்தோடு அவ்வளவு தூரம் பஸ்ஸில் இருக்க அவரால் முடியாது. அதற்காகத்தான் லீசிங்கில், அதாவது கம்பனி காசு போட நான் மாதத் தவணையில் கட்டி முடிக்கிற முறையில், ஒரு சின்னக் கார் எடுத்தேன். இலங்கையில் 2020 மார்ச்சில் நிறுத்திய வாகன இறக்குமதியை 2025 பெப்ரவரியில் தனியார் கார்களுக்கும் திறந்துவிட்டிருந்தார்கள். ஐந்து வருடம் காத்திருந்த சனம் எல்லாம் ஒன்றாக ஷோரூம் வாசலில் நின்ற காலம் அது.

லீசிங் வேலை சுறுக்காக முடிந்தது. சம்பளச் சீட்டு, பாங்க் ஸ்டேட்மென்ட், இரண்டு பிணையாளர். என் பங்குக் காசையும் கட்டினேன். "வெள்ளிக்கிழமை எடுக்கலாம் மிஸ்" என்றார் ஷோரூமில் இருந்த தம்பி. அம்மா பஞ்சாங்கம் பார்த்து நேரம் குறித்து, பத்திரகாளி அம்மன் கோவிலில் அர்ச்சனைக்கும் சொல்லி வைத்தார்.

வெள்ளிக்கிழமை போனால் கார் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிற்கிறது, தர முடியாது என்கிறார்கள். லீசிங் முடியும்வரை பதிவுப் புத்தகத்தில் லீசிங் கம்பனிதான் அப்சலூட் ஓனர் (முழு உரிமையாளர்), அந்தப் பெயர் ஏறாமல் வாகனத்தை விட மாட்டார்களாம். நியாயம்தான். ஆனால் அதை முதல் நாளே சொல்லியிருக்கலாமே? லீசிங் கிளையில் கேட்டால் "நாங்கள் கடிதம் அனுப்பியாச்சு" என்றார்கள். ஷோரூமில் "இன்னும் வரவில்லை" என்றார்கள். இரண்டுக்கும் நடுவே ஓட்டோவில் பத்து நிமிடம். நான்கு நாள் லீவு போட்டு அலைந்தேன். அந்த மாதக் கிளினிக்குக்கு வான் பிடித்துத்தான் போனோம்.

பதினாறாம் நாள் போனுக்கு ஒரு செய்தி வந்தது: முதல் தவணை கட்டும் திகதி. எனக்குக் கை நடுங்கியது. சாவியையே நான் இன்னும் தொடவில்லை. கிளைக்குப் போய், ஒப்பந்தத்தைத் தமிழில் வாசித்து விளங்கப்படுத்தும்படி அங்கேயே இருந்துவிட்டேன். ஷோரூமுக்கு அவர்கள் காசு விட்ட நாளிலிருந்து கணக்கு ஓடுகிறது. கார் எப்போது என் கைக்கு வருகிறது என்பதை அந்த அட்டவணை பார்ப்பதே இல்லை. கையெழுத்து வைக்கிற நாளில் நான் பார்த்தது மாதத் தொகையை மட்டும். நீங்கள் அந்தத் திகதியையும் பாருங்கள். டெலிவரி நாளை எழுத்தில் வாங்கிய பிறகு காசை விடச் சொல்லுங்கள்.

அன்றிரவே நடந்ததைத் திகதி வாரியாக எழுதி இரண்டு மனேஜர்மாருக்கும் கொடுத்தேன். தீர்வு இல்லையென்றால் மத்திய வங்கியின் 1935 என்ற தொலைபேசி இலக்கத்துக்கு முறையிடுவேன் என்றும் எழுதினேன். மூன்றாம் நாள் லீசிங் கிளையிலிருந்து கூப்பிட்டு முதல் தவணையைப் பின்தள்ளித் தந்தார்கள்.

அப்புறம் கார் தயார் என்று அழைப்பு வந்தது. கராஜில் வேலை செய்யும் என் தம்பி கூட வந்தான். பொனட்டைத் திறந்து செசி நம்பரை ஒவ்வொன்றாக வாசித்தான், நான் இன்சூரன்ஸ் கவர் நோட்டை (தற்காலிகக் காப்புறுதிச் சான்றை) பார்த்துச் சரிபிடித்தேன். கடைசி இரண்டு இலக்கமும் இடம் மாறியிருந்தன. "இப்ப எடுத்துப் போங்க மிஸ், பிறகு திருத்தலாம்" என்று பேனையை நீட்டினார்கள். நாளைக்கு ஓர் அக்சிடென்ட் என்றால் அந்தக் காகிதத்தை வைத்து யாரிடம் போவேன்? திருத்தின கவர் நோட் கைக்கு வரும்வரை டெலிவரிப் படிவத்தில் கையெழுத்து வைக்க மாட்டேன் என்று இருந்துவிட்டேன். இரண்டு மணித்தியாலத்தில் வந்தது.

அது செவ்வாய்க்கிழமை, பின்னேரம் மூன்றரை. ராகு காலம். நாலரை வரைக்கும் காரை அசைக்காதே என்று அம்மா போனில் சொன்னார். சரி என்று சாவியைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மணி நேரம் காத்திருந்தேன்.

அடுத்த கிளினிக்குக்கு விடியவே வெளிக்கிட்டோம். கந்தளாய் தாண்டும்போது திரும்பிப் பார்த்தேன். அம்மா பின்சீற்றில் காலை நீட்டி நித்திரையாகியிருந்தார்.