அம்மாவுக்கு லேடி டாக்டர் தேடினப்ப கத்துக்கிட்டது

போன தீபாவளிக்கு ரெண்டு வாரம் இருக்கும்போது, பின்கட்டுல துணி ஊற வச்சிருந்த வாளியில அம்மாவோட கைலி கிடந்துச்சு, தண்ணியெல்லாம் செவந்து போயி. அம்மாவுக்கு வயசு 61. தீட்டு நின்னு பத்து வருஷமாச்சு. என்னம்மா இதுன்னு கேட்டா "ஒன்னுமில்ல பாப்பா, உடம்பு சூடு"ன்னு சொல்லிட்டு வாளிய தூக்கிக்கிட்டு போயிட்டாங்க. ராத்திரி பக்கத்துல படுத்துக்கிட்டு மெதுவா கேட்டப்பதான் மூணு மாசமாவே விட்டு விட்டு படுதுன்னு வாயத் தொறந்தாங்க.

எங்கம்மா மலேசியாவுல சுங்கை சிப்புட் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்துல இருபத்தெட்டு வருஷம் பால்மரம் வெட்டினவங்க. விடியறதுக்கு முன்னாடி பேரு கூப்பிடற பெரட்டுக்கு போகணும், உடம்பு முடியலன்னா தோட்டத்து கிளினிக்ல மருந்து குடுக்கற டிரெசர் இருப்பாரு, காய்ச்சல் இருமல் வெட்டுக்காயம் எல்லாத்துக்கும் அவருதான். ஆனா அவரு ஆம்பள, அதனால பொம்பளைங்க சமாச்சாரம்னு ஒன்னு வந்தா தோட்டத்து வரிசை வீடான லயத்துல இருந்த பாட்டிங்ககிட்ட சொல்லி வெந்தயம் ஊறப்போட்டு குடிச்சிட்டு மறுநாள் வேலைக்கு போயிடுவாங்க. அந்த பழக்கம்தான் தாமான்னு சொல்ற குடியிருப்புக்கு குடி வந்து இத்தனை வருஷம் கழிச்சும் மூணு மாசம் மறைக்க வச்சிருக்கு. எனக்கு அவங்க மேல கோவமே வரல, பயம்தான் வந்துச்சு.

ஏன் பயம்னா, தீட்டு முழுசா நின்னு ஒரு வருஷத்துக்கு மேல ஆனவங்களுக்கு மறுபடி ரத்தம் பட்டா, ஒரு சொட்டா இருந்தாலும், பாத்தே ஆகணும். முக்காவாசி பேருக்கு உள்தோல் வறண்டு போனதாலயோ, கர்ப்பப்பைக்குள்ள சின்னதா ஒரு சதை வளர்ந்ததாலயோ வரும், சரி பண்ணிடலாம். ஆனா பத்து பேர்ல கிட்டத்தட்ட ஒருத்தருக்கு கர்ப்பப்பை புத்துநோயோட ஆரம்பமா இருக்கும். இனிப்பு நீர்னு சொல்ற சர்க்கரை வியாதி, அதிக உடம்பு எடை ரெண்டும் இருந்தா அந்த ஆபத்து இன்னும் கூடும், எங்கம்மாவுக்கு ரெண்டுமே இருக்கு.

அம்மா ஒரே ஒரு கண்டிஷன்தான் போட்டாங்க. பொம்பள டாக்டரா இருக்கணும், தமிழ் பேசணும்.

அக்கம்பக்கத்துல கேட்டேன். எதுத்த வீட்டு அக்கா ஒரு பேரு சொன்னாங்க, எங்க பெரியம்மா ஒரு பேரு, கூட வேலை செய்யறவங்க ரெண்டு பேரு. எல்லாமே பிள்ளை பெத்துக்கறதுக்கு பாத்த டாக்டருங்க. "நல்லா தைப்பாங்க", "சிரிச்ச முகம்"னு இப்படித்தான் சொல்றாங்க. நம்ம ஆளுங்க இந்த ஓ அண்ட் ஜின்னு சொல்ற மகப்பேறு, பெண்கள் நோய் டாக்டர பிரசவ டாக்டர்னு மட்டும்தான் நெனச்சு வச்சிருக்காங்க, கர்ப்பப்பை, சினைப்பை, சிறுநீர் ஒழுகறது, கர்ப்பப்பை கீழ இறங்கறது இதெல்லாமும் அவங்கதான் பாக்கணும்ங்கிறது தெரியாமலே நிறைய அம்மாமாருங்க காலத்த ஓட்டிடறாங்க. அந்தத் துறையிலயே சில பேரு பிரசவம் பாக்கறத விட்டுட்டு கர்ப்பப்பை நோய் மட்டும் பாப்பாங்க, சில பேரு குழந்தை இல்லாதவங்களுக்கு மட்டும், புத்துநோய்க்குன்னு தனியா படிச்சவங்களும் இருக்காங்க. அதனால நல்ல டாக்டரான்னு கேக்கறதுக்கு முன்னாடி எதுக்கு நல்ல டாக்டர்னு கேக்கணும்.

கூகள்ல தேடினப்ப ஈப்போவுல ஒரு கிளினிக் வந்துச்சு, லேடி டாக்டர், சனிக்கிழமை தொறந்திருக்கும்னு போட்டிருந்துச்சு, ஸ்டார் எல்லாம் நிறைய. அம்மாவ காடியில ஏத்திக்கிட்டு அரை மணி நேரத்துக்கு மேல ஓட்டிட்டு போனோம். அந்த டாக்டர் வேற இடத்துக்கு மாறி ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சாம். இன்டர்நெட்ல பழைய பேரும் பழைய நேரமும் அப்படியே கிடக்கு. கவுன்டர்ல இருந்த பொண்ணு "இப்ப வேற லேடி டாக்டர் இருக்காங்க ஆன்ட்டி, அவங்களும் ஸ்பெஷலிஸ்ட்தான், பாக்கறீங்களா"ன்னு கேட்டா. வெளிய போர்டுலயும் பெண்கள் நலம்னு பெருசா எழுதியிருந்துச்சு. அம்மா வந்ததுக்கு பாத்துடலாம்னாங்க, ஆனா எனக்கு ஏதோ ஒரு மாதிரி இருந்துச்சு, அப்புறம் வர்றோம்னு சொல்லி கூட்டிட்டு வந்துட்டேன். அம்மா திரும்பி வர்ற வழி பூரா ஒரு வார்த்தை பேசல. மனச தேத்திக்கிட்டு வெக்கத்த விட்டு வந்தவங்கள கதவு வரைக்கும் கூட்டிட்டு போயி திருப்பிட்டமேன்னு எனக்கு நெஞ்சு அடைச்சிக்கிச்சு.

அன்னிக்கு ராத்திரி என் தம்பி பொண்டாட்டிதான் சொன்னா, அவ பார்மசியில வேலை செய்யறா. மலேசிய மருத்துவ மன்றம், எம்.எம்.சி.ன்னு சொல்வாங்களே, அவங்களோட பதிவேடு இன்டர்நெட்ல இருக்கு, மெரிட்ஸ்னு பேரு, யாரு வேணும்னாலும் எந்த டாக்டர் பேரையும் போட்டு பாக்கலாம், காசு கிடையாது. எனக்கு இத்தனை வயசுக்கு இது தெரியாது.

அதுல என்ன பாக்கணும்னு அவ பொறுமையா சொல்லிக் குடுத்தா. 1971ஆம் வருஷத்து மருத்துவச் சட்டப்படி டாக்டருங்க எல்லாரும் பதிஞ்சிருக்கணும், அது ஒரு தடவை செஞ்சா போதும். ஆனா தொழில் செய்யணும்னா வருஷா வருஷம் ஏ.பி.சி.ன்னு ஒரு சான்றிதழ் எடுக்கணும், அது எப்ப எடுத்திருந்தாலும் டிசம்பர் 31க்கு முடிஞ்சிடும். அந்த ஏ.பி.சி.யில எந்த இடத்துல தொழில் பாக்கறாங்கங்கிறதும் இருக்கும், ஒன்னுக்கு மேல இடம் இருந்தா அதுவும் வரும். இதுதான் எனக்கு ரொம்ப உதவியா இருந்துச்சு, ஏன்னா கூகள் சொல்ற அட்ரஸ யாரு எப்ப போட்டாங்கன்னு தெரியாது, இது வருஷா வருஷம் அந்த டாக்டரே புதுப்பிக்கும்போது குடுக்கறது.

ஸ்பெஷலிஸ்டா இல்லையாங்கிறது இன்னொரு பதிவேடு. 2006ல ஆரம்பிச்சது, அப்ப விருப்பப்பட்டவங்க பதிஞ்சாங்க, 2017 ஜூலை 1ல இருந்து சட்டமாயிடுச்சு, அதுல பேரு இல்லாதவங்க ஸ்பெஷலிஸ்ட்டா தொழில் பண்ணக்கூடாது. பேருக்குப் பின்னாடி எழுத்து எழுத்தா போட்டிருக்கிற பட்டத்துல எம்.ஆர்.சி.ஓ.ஜி.ன்னா லண்டன் ராயல் காலேஜ் பரீட்சை, இல்லன்னா நம்ம நாட்டு யூனிவர்சிட்டியிலயே நாலு வருஷம் மாஸ்டர்ஸ் பண்ணியிருப்பாங்க. இதெல்லாம் நமக்கு புரிஞ்சாலும் புரியலன்னாலும் பரவால்ல, ஸ்பெஷலிஸ்ட் பதிவேட்டுல அந்தப் பேரு ஓ அண்ட் ஜி துறையில இருக்கான்னு பாத்தா போதும்.

தேடறதுல ஒரு கஷ்டம் இருக்கு, பேரு. நம்ம ஆளுங்க பேர பொறந்தப்ப பதிஞ்ச கிராணி எப்படி காதுல விழுந்துச்சோ அப்படி எழுதி வச்சிருப்பாங்க. லட்சுமி லெட்சுமி ஆயிருக்கும், போர்டுல புருஷன் பேரோட மிஸ்ஸஸ்னு இருக்கும், பதிவேட்டுல ஐ.சி.யில, அதாவது அடையாள அட்டையில, இருக்கிற மாதிரி அப்பா பேரு முன்னால மகள்ங்கிறதுக்கு ஏ/பி போட்டு இருக்கும். போர்டுல இருக்கிற முழுப்பேர அப்படியே டைப் பண்ணினா ஒன்னுமே வராது. பேருல நடுவுல இருக்கிற ஒரு துண்ட மட்டும் போட்டு, வர்ற லிஸ்ட்ல ஒவ்வொன்னா பாக்கணும். பேரு வரலன்னா போலி டாக்டர்னு உடனே முடிவு பண்ணிடாதீங்க, கிளினிக்குக்கு போன் பண்ணி பதிவுல இருக்கிற முழுப்பேர கேளுங்க, சொல்லுவாங்க.

அந்த ஈப்போ கிளினிக்ல எங்கள பாக்கச் சொன்ன டாக்டர் பேரையும் போட்டு பாத்தேன். முறையா பதிஞ்ச டாக்டர்தான், அந்த வருஷத்து ஏ.பி.சி. இருந்துச்சு, இடமும் சரி. ஆனா ஸ்பெஷலிஸ்ட் பதிவேட்டுல இல்ல. அவங்கள தப்பா சொல்லல, கர்ப்பப்பை வாயில எடுக்கற பேப் ஸ்மியர் டெஸ்ட், கர்ப்பத்தடை மாத்திரை, சாதாரண ஸ்கேன் எல்லாம் ஒரு பொது டாக்டர் நல்லாவே பாக்கலாம். கவுன்டர்ல ஸ்பெஷலிஸ்ட்னு சொன்னதுதான் தப்பு. எங்கம்மாவுக்கு வேண்டியது கர்ப்பப்பைக்குள்ள இருந்து சதை எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பறவங்க.

பெரியம்மா சொன்ன டாக்டர் பேரு ரெண்டு பதிவேட்டுலயும் இருந்துச்சு. திங்கக்கிழமை காலையில முதல் வேலையா போன் பண்ணேன், இந்த தடவை எல்லாத்தையும் கேட்டுட்டுதான் வச்சேன். எந்தெந்த நாள் உள்ள இருப்பாங்க, தினமும் இருக்கிறவங்களா இல்ல விசிட்டிங்கா, லீவு போட்டா யாரு பாப்பாங்க, ஆபரேஷன் தேவைப்பட்டா எந்த ஆஸ்பத்திரியில செய்வாங்க, முதல் தடவை ஸ்கேனோட சேத்து சுமாரா எவ்வளவு ஆகும். செலவ முன்கூட்டியே கேக்கறது நம்ம உரிமை, கூச்சப்பட வேண்டியதே இல்ல. உள்ள பரிசோதிக்கும்போது கூட ஒரு மிஸ்ஸி, நர்ஸம்மா, நிப்பாங்களான்னும் கேட்டேன், அம்மாவுக்காக. கிளினிக்குக்குள்ள போனதும் சுவத்துல மாட்டியிருந்த பதிவு சான்றிதழையும் பாத்தேன், 1998ஆம் வருஷத்து தனியார் சுகாதாரச் சட்டப்படி அத கண்ணுக்கு தெரியற மாதிரி மாட்டியிருக்கணும்.

அந்த டாக்டர் அம்மாகிட்ட முதல்ல கேட்டது எந்த தோட்டம்மான்னுதான். அம்மா அதுக்கப்புறம் பத்து நிமிஷம் நிறுத்தாம பேசினாங்க, எனக்கே சொல்லாததையெல்லாம். ஸ்கேன்ல உள்தோல் 11 மில்லிமீட்டர் இருந்துச்சு, தீட்டு நின்னவங்களுக்கு 4க்கு மேல போனா சதை எடுத்து பாக்கணும்னாங்க. மெல்லிசான ஒரு குழாய விட்டு அங்கயே எடுத்தாங்க. வலிச்சுதும்மான்னு கேட்டதுக்கு "பால் வெட்டறப்ப கட்டெறும்பு கடிச்ச மாதிரி"ன்னாங்க. ரிசல்ட் வர்ற வரைக்கும் நான் ஒழுங்கா தூங்கல. வந்தப்ப புத்துநோய் இல்ல, உள்ள ஒரு பாலிப், அந்த சின்ன சதை வளர்ச்சிதான், இருக்கு, கேமரா விட்டு எடுத்துடணும்னு சொன்னாங்க.

தனியார்ல எடுக்க எங்களுக்கு முடியாது, அத சொல்லவும் எனக்கு தயக்கமா இருந்துச்சு. ஆனா அவங்களே கவர்மென்ட் பெரிய ஆஸ்பத்திரிக்கு ஸ்கேனோட ரிசல்ட்டோட லெட்டர் எழுதி குடுத்துட்டாங்க. இதுல ஒன்னு சொல்லணும். தனியாருக்கு போக வசதி இல்லாதவங்க முதல்லயே நேரா கிளினிக் கெசிஹாத்தான்னு சொல்ற கவர்மென்ட் கிளினிக்குக்கு போகலாம், ஒரு ரிங்கிட்தான், அங்க இருக்கிற டாக்டர்கிட்ட "தீட்டு நின்னு இத்தனை வருஷம் ஆச்சு, இப்ப ரத்தம் படுது"ன்னு இதே வார்த்தைகள்ல சொல்லுங்க. உடம்பு முடியல, சூடுன்னு சுத்தி வளைச்சா நாலு நாளைக்கு மாத்திரை குடுத்து அனுப்பிடுவாங்க. சரியா சொன்னா ஸ்பெஷலிஸ்ட்டுக்கு லெட்டர் எழுதுவாங்க. எந்த டாக்டர்னு நாம தேர்ந்தெடுக்க முடியாது, பொம்பள டாக்டர் வேணும்னா கேட்டு பாக்கலாம், இருந்தா குடுப்பாங்க.

தை மாசம் அம்மாவுக்கு பாலிப் எடுத்தாச்சு, மறுநாளே வீட்டுக்கு விட்டுட்டாங்க. இப்ப ரத்தம் படறதில்ல. பெரியம்மா சொன்ன அந்த டாக்டர்கிட்ட மறுபடி செக்கப்புக்கு போகறதுக்கு முன்னாடி பதிவேட்ட திரும்ப ஒரு தடவை பாத்தேன், புது வருஷத்து ஏ.பி.சி. வந்திருக்கு, கூடவே ரெண்டாவதா ஒரு ஆஸ்பத்திரி பேரும் சேந்திருக்கு. போன் பண்ணி கேட்டா வியாழக்கிழமை இப்ப அங்க இருக்காங்களாம், நாங்க வியாழக்கிழமைதான் போறதா இருந்தோம், வெள்ளிக்கு மாத்திக்கிட்டோம்.

நேத்து எதுத்த வீட்டு அக்கா மருமக முழுகாம இருக்கான்னு ஒரு டாக்டர் பேர சீட்டுல எழுதி எடுத்துட்டு வந்தாங்க. அம்மா அவங்கள உக்கார வச்சு கோப்பி கலக்கி குடுத்துட்டு, கண்ணாடிய மாட்டிக்கிட்டு என் போன வாங்கி அவங்களே தேடினாங்க. முதல் தடவை வரல. எழுத்த மாத்தி மாத்தி போட்டுக்கிட்டு இருந்தாங்க.