கூடுதலாக வந்த 16

எங்கள் பெப்டைடின் (சிறு அமினோ அமிலச் சங்கிலி) மாஸ் ஸ்பெக்ட்ரத்தில், அதாவது எடை காட்டும் வரைபடத்தில், வரவேண்டிய பீக்குக்குப் பக்கத்தில், 16 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) தள்ளி, அதில் பாதி உயரத்துக்கு இன்னொன்று நின்றது. மெத்தியோனின் என்ற அமினோ அமிலத்தில் ஆக்சிஜன் ஏறியிருக்கிறது. இன்னும் மேலே போய்ப் பார்த்தால், பெப்டைடின் எடையைப் போல் இருமடங்கு, அதில் 2 குறைவு: சிஸ்டீன் என்ற அமினோ அமிலங்கள் இணைந்து, இரண்டு பெப்டைடுகள் ஒட்டிய டைமர். இரண்டு வாரம் எடுத்த பைண்டிங் (பிணைப்பு) அளவீடுகள் அத்தனையும் வீண்.

தயாரித்து அனுப்பியவர்கள் மீதுதான் முதலில் சந்தேகம். சண்டை போடலாம் என்றால் கையில் ஆதாரம் இல்லை. பெப்டைடு வந்த அன்றே மாஸ் எடுத்து வைத்திருக்க வேண்டும், வைக்கவில்லை. தயவுசெய்து இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். நல்லவேளை, திறக்காத குப்பி ஒன்று மிச்சமிருந்தது. கரைத்து உடனே ஓட்டினேன். ஒரே பீக், சுத்தம். அப்படியென்றால் கெட்டது எங்கள் மேசையில்தான்.

நோட்டுப் புத்தகத்தைப் புரட்டினேன். மைனஸ் 20-இலிருந்து எடுத்த குப்பியை அப்படியே திறந்திருக்கிறேன். குளிர்ந்த பொடி காற்றின் ஈரத்தை இழுத்துக்கொள்ளும். பஞ்சுபோல் இருந்தது சுவரில் பிசினாக ஒட்டியிருந்தது நினைவுக்கு வந்தது. அப்புறம், பழக்கதோஷத்தில் டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்தது. மற்றவற்றுக்குச் சரி, சிஸ்டீன் உள்ளதற்கு அது கூடவே கூடாது. கரைப்பானே ஆக்சிஜனேற்றியாக வேலை செய்யும். போதாததற்கு, ஒரே குழாயைத் தினமும் உருக்கி, மறுபடி உறைய வைத்திருக்கிறேன்.

இந்த முறை குப்பியை டெசிகேட்டரில் (ஈரம் புகாத மூடுகலன்) ஒரு மணி நேரம் வைத்து, அறைவெப்பத்துக்கு வந்த பிறகே திறந்தேன். ஆர்கான் செலுத்திக் காற்றை வெளியேற்றிய நீர், துளி அசிட்டிக் அமிலம். 20 மைக்ரோலிட்டராகப் பிரித்து மைனஸ் 80-இல் வைத்தாயிற்று. ஒரு குழாய், ஒரு உபயோகம். மிச்சத்தைக் கொட்டிவிடுகிறேன், மனம் வராவிட்டாலும். மூன்று வாரம் கழித்து எடுத்த ஸ்பெக்ட்ரத்தில் 16 இல்லை. அன்று நிம்மதியாகத் தூங்கினேன்.

அஸ்பராஜின் என்ற அமினோ அமிலத்தை அடுத்துக் கிளைசின் வரும் பெப்டைடு வைத்திருப்பவர்கள் இன்னொன்றையும் கவனியுங்கள். பிஎச் 8, 37 டிகிரி, ஓர் இரவு. இவ்வளவு போதும், டீஅமிடேஷன் (அஸ்பராஜின் தன் அமைடை இழந்து வேறொன்றாக மாறுவது) தொடங்கிவிடும். எடை ஏறுவது ஏறக்குறைய 1 டால்டன்தான் என்பதால் இயல்பாகவே வரும் ஐசோடோப் (கனமான அணு) பீக் என்று எளிதில் தாண்டிப் போய்விடுவோம். சிறிய பெப்டைடில் இரண்டாவது பீக் முதலாவதைவிட உயர்ந்திருந்தால் சந்தேகப்படுங்கள். அந்த வகைப் பெப்டைடை நான் இப்போது பிஎச் 5-இல் வைத்திருந்து, சோதனைக்குச் சற்று முன்புதான் பஃபரில் (பிஎச் மாறாமல் வைக்கும் கரைசல்) சேர்க்கிறேன்.