மாடியில் கேட்பது ஆற்றுக்குள் கேட்காது

மதுரையில் அழகர் வைகை ஆற்றில் இறங்கும் விடியலில் கோரிப்பாளையம் பக்கம் செல்போனை நம்பிப் பாதுகாப்பு வேலை பார்க்க முடியாது. சிக்னல் முழுசாகக் காட்டும், அழைப்பு போகாது. லட்சக்கணக்கான ஜனம் அதே சில டவர்களை இழுத்துக்கொண்டிருக்கும். கைகொடுப்பது 5 வாட் வி.எச்.எஃப். வாக்கி-டாக்கியும் உயரத்தில் வைத்த, குரலை வாங்கித் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டரும்தான்.

அதிலும் நெரிசல் வரும்போது, அனுமதி பெற்ற சேனல்களுக்குள் காலியானதைத் தானே தேடிப் பிடிக்கும் காக்னிட்டிவ் ரேடியோ உதவும். 1999-இல் ரேடியோ ஆராய்ச்சியாளர் ஜோசப் மிட்டோலா முன்வைத்த யோசனை. நல்ல யோசனை, ஆனால் எது காலி என்று முடிவெடுப்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

எளிய வழி, சேனலில் உள்ள ஆற்றலை அளப்பது. வரம்பைத் தாண்டினால் யாரோ பேசுகிறார்கள் என்று கணக்கு. இந்த வரம்பை மதியம் அளந்து வைத்தால் ராத்திரி ஏமாற்றும். மண்டகப்படிப் பந்தல்களில் சீரியல் லைட் எரிந்ததும், மலிவான எல்.ஈ.டி. பவர் சப்ளைகளின் இரைச்சல் 10 டெசிபெல்கூட ஏறலாம். எல்லாச் சேனலிலும் ஆள் இருப்பதாகக் கருவி சொல்லும். வரம்பை உயர்த்தினாலோ, தூரத்து மெல்லிய குரல் அதற்குக் கீழே போய்விடும். நல்ல கைச்செட் மைனஸ் 119 டிபிஎம் (சிக்னல் பலத்தின் அளவு) என்ற மிக மெல்லிய சிக்னல் வரை கேட்கும்; அந்தக் குரலை இழப்பது பெரிய தவறு. விளக்குகள் எரிந்தபின் அளப்பதே சரி.

அடுத்தது மறைவு. ஆற்று மணலில் நிற்கும் செட்டுக்குக் கரையும் கட்டடங்களும் சுற்றியுள்ள கூட்டமும் தடை. மாடியில் தெளிவாகக் கேட்பது அங்கே கேட்காது. காலி என்று நினைத்து அடுத்தவர் பேச்சின் மேலேயே பேசிவிடும். ஆகவே கோரிப்பாளையம் மாடி, ஆற்றுக்குள், சிம்மக்கல் பக்கம் என்று மூன்று இடத்தில் உணர்கருவி வேண்டும். ஒன்று கேட்டாலும் அந்தச் சேனல் பிஸி.

உணரும் வேலைக்குத் தனி ரிசீவர் வையுங்கள். பேசும் செட்டே உணர்ந்தால் நடுவில் அது வாய்மூட வேண்டும். “ஸ்ட்ரெச்சர் வேணும்” என்பது “வேணும்” என்று மட்டும் போய்ச் சேரும். பட்டனை அழுத்தி அரை விநாடி பொறுக்காதவர்களின் முதல் சொல் ஏற்கெனவே இப்படித்தான் விழுங்கப்படுகிறது. ஆம்புலன்ஸ் சேனலை எந்தக் கருவியும் மாற்றக் கூடாது. அது ஒரே எண்ணில் நிற்கட்டும்.

பேட்டரிக்குப் போட்டிருக்கும் 8 மணி நேரம், 5 சதவீதம் பேச்சு, 5 சதவீதம் கேட்பு, மீதி சும்மா என்ற கணக்கு. திருவிழாவில் செட் சும்மா இருப்பதில்லை. செட்டுக்கு ஒரு மாற்று பேட்டரி, முழு சார்ஜோடு, இரவு 2 மணிக்கே கையில் இருக்க வேண்டும்.