சரசா கண்ணாடி

கியோட்டோவில் மூன்றாம் நாள் மழை பிடித்துக்கொண்டது. கோயில், மூங்கில் காடு என்று போட்டிருந்த திட்டமெல்லாம் போச்சு. நனையாமல் எங்கே போகலாம் என்று வரைபடத்தைத் துழாவியபோது கண்ணில் பட்டது கியோட்டோ மாங்கேக்யோ மியூசியம். கராசுமா ஒய்கே ரயில் நிலையத்திலிருந்து குடை பிடித்து நடந்தே போய்விட்டேன்.

மாங்கேக்யோ என்றால் கலைடாஸ்கோப். எழுத்துக்கு எழுத்து பொருள் சொன்னால் 'பத்தாயிரம் மலர்க் கண்ணாடி'. பள்ளிக்கூட அறிவியல் கண்காட்சிக்கு மூன்று கண்ணாடிப் பட்டைகளைக் கட்டி, உடைந்த வளையல் துண்டு போட்டுச் செய்த சாமான்தானே, இதற்கு ஒரு அருங்காட்சியகமா என்றுதான் உள்ளே நுழைந்தேன். சின்ன இடம். ஆனாலும் வெளியே வர இரண்டு மணி நேரம் ஆனது.

ஒரு குழலை மட்டும் விடவே மனசு வரவில்லை. அதன் முனையிலிருக்கும் சிமிழில் எண்ணெய் நிரப்பியிருந்தார்கள். திருப்பிவிட்டுக் கையை அசைக்காமல் வைத்திருந்தாலும் கண்ணாடி இழைகள் மெல்ல இறங்கிக்கொண்டே இருக்கின்றன. ஊதா விரிகிறது, நடுவில் ஒரு பொன்துளி எட்டிப் பார்க்கிறது, பன்னிரண்டாகப் பிரிந்து ஓரத்தில் கரைகிறது. இரண்டு கண்ணாடிகளுக்கு நடுவே 30 டிகிரி கோணம் இருந்தால் 12 பங்கு, 60 என்றால் 6. மூன்றாவது கண்ணாடியும் சேர்ந்துவிட்டால் வட்டமே கிடையாது, கண்ணுக்கு எட்டிய மட்டும் முக்கோணங்கள்தான்.

மணிக்கொரு தடவை விளக்கை அணைத்து, சுவர் முழுக்கக் கோலங்களை ஓடவிடுகிறார்கள். அழகுதான், எனக்கு ஒட்டவில்லை. ஒற்றைக் கண்ணால் தனியாக எட்டிப் பார்ப்பதிலிருக்கும் திருட்டுச் சுகம் அதில் இல்லை.

இதற்கு ஜப்பானில் முன்பு வேறு பெயர்களும் இருந்தன. ஸ்காட்லாந்தின் டேவிட் ப்ரூஸ்டர் 1816-இல் கண்டுபிடித்து, 1817-இல் காப்புரிமை வாங்கினார். 1819-லேயே ஒசாகாக் குறிப்பொன்றில் இந்தச் சாமான் தலைகாட்டிவிடுகிறது. ஐரோப்பியரில் டச்சுக்காரர்களை மட்டும், அதுவும் நாகசாகியில் மட்டும், விட்டுவைத்திருந்த காலம் அது. பெயர், 'சரசா மெகானே'. மெகானே என்பது மூக்குக்கண்ணாடிக்கும் சொல்கிற வார்த்தை. சரசா? இந்தியாவிலிருந்து போன பூப்போட்ட பருத்தித் துணி! பழவேற்காட்டிலும் நாகப்பட்டினத்திலும் கோட்டை கட்டி உட்கார்ந்திருந்த டச்சுக்காரர்கள் ஏற்றியனுப்பிய சோழமண்டலக் கரைச் சரக்கும் அதில் உண்டு. தேநீர்ச் சடங்கு ரசிகர்கள் அதன் துண்டுகளைக்கூட வீணாக்காமல், தேயிலைத்தூள் சிமிழுக்குப் பை தைத்திருக்கிறார்கள். குழலுக்குள் எட்டிப் பார்த்த ஒசாகாக்காரருக்கு முதலில் ஞாபகம் வந்தது அந்தத் துணிதான் போல.

அப்புறம் அங்கேயே நானும் ஒரு கலைடாஸ்கோப் செய்து பார்த்தேன். சொல்லிக்கொடுத்த அம்மாவுக்கும் எனக்கும் நடுவே கைபேசி மொழிபெயர்ப்புதான். கண்ணாடி மணிகளை நான் அள்ளிப் போடுவதைப் பார்த்துப் பாதியைத் திரும்பக் கொட்டச் சொன்னார். நிறைத்துவிட்டால் அசைய இடம் வேண்டாமா? அடுத்து, பட்டைகளைக் காட்டி, "தொடாதீர்கள்" என்றார். நம் வீட்டுக் கண்ணாடியில் பூச்சு பின்பக்கம் இருக்கும், அதனால் மங்கலாக இன்னொரு பிம்பமும் கூடவே விழும். இதில் பூச்சு முன்பக்கம். பிம்பம் கத்தி மாதிரி இருக்கும், ஆனால் விரல் பட்டால் அவ்வளவுதான், அழுத்தித் துடைத்தால் கீறல் விழும்.

சரி சரி என்று தலையாட்டிவிட்டு, மேல்தாளை உரித்த மறுநொடியே கட்டைவிரலை வைத்தேன். அந்த அம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

ஊருக்கு வந்து மேசைமேல் வைத்திருக்கிறேன். ஆறு இதழ்ப் பூ. திருப்பத் திருப்பப் பூ மாறுகிறது. என் கட்டைவிரல் ரேகை மட்டும் மூன்று இடத்தில் அப்படியே நிற்கிறது.